தொழுவத்தில் நிற்கும் பழைய புல்லட்டை வீட்டிலேயே எழுப்புவது

கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் ஏதாவது ஒரு கிராமத்துக்குள் போய்ப் பாருங்கள். மாட்டுத் தொழுவத்திலோ மோட்டார் ரூமிலோ சாக்குப் போர்த்திய பழைய ராயல் என்ஃபீல்டு புல்லட் ஒன்று நிற்கும். தாத்தா ஓட்டியது, இல்லையென்றால் பெரியப்பா ஓட்டியது. விலைக்குக் கேட்டால் தரமாட்டார்கள். "ஒரு நாள் ரெடி பண்ணணும்" என்பார்கள்.

அந்த ஒரு நாள் வந்தால்தான் ஆபத்தே. ஆசைப்பட்டு ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மொத்த வண்டியையும் பிரித்துப் போடுவார்கள். மூன்றாம் மாதம் எந்த நட்டு எங்கிருந்து வந்தது என்று தெரியாது. ஆறாம் மாதம் பாதி வண்டி காயலான் கடைக்குப் போயிருக்கும். நான் சித்தப்பாவின் வண்டியில் கை வைத்தபோது என் கதையும் கிட்டத்தட்ட அப்படித்தான் முடிந்திருக்கும். காவேரிப்பட்டணத்தில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் பாய் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "தம்பி, வண்டி எப்பவும் தள்ளுற நிலையில இருக்கணும். தள்ள முடியாத வண்டி வண்டி இல்ல, இரும்பு" என்றார். அதன்பிறகு ஒரு நேரத்தில் ஒரு பகுதி என்று வைத்துக்கொண்டேன். பழைய பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள் ஒன்றை எழுப்ப இந்தக் கட்டுரை முழுக்க அந்த வரிசைதான்.

புல்லட் சென்னை வண்டிதானே, அது எப்படி பிரிட்டிஷ் வண்டி ஆகும் என்று சிலர் கேட்பார்கள். அதன் வரைபடம் இங்கிலாந்தின் ரெட்டிச் ஊரில் போட்டது. 1955-இல் ராயல் என்ஃபீல்டு கம்பெனியார் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் சேர்ந்து திருவொற்றியூரில் தயாரிப்பைத் தொடங்கினார்கள். 1970 வாக்கில் இங்கிலாந்துக் கம்பெனி மூடப்பட்டது. சென்னையில் அதே கட்டமைப்பு எஞ்சின், சின்னச் சின்ன மாற்றங்களோடு, 2010 வாக்கு வரை ஓடியது. இரும்பு சிலிண்டர், அலுமினிய ஹெட், தனி கியர் பாக்ஸ், வலது காலில் கியர். பி.எஸ்.ஏ., நார்ட்டன், ட்ரையம்ப் என்று வேறு எந்தப் பழைய பிரிட்டிஷ் வண்டி கிடைத்தாலும் வேலை வரிசை இதேதான். ஆனால் முதல் வண்டிக்குப் புல்லட்டையே சொல்வேன். உதிரி பாகம் கிடைக்கும். கேட்டால் சொல்லித்தரவும் ஆள் இருக்கிறார்கள்.

முதலில் காகிதம்

ஸ்பேனரை எடுக்கும் முன் ஆர்.சி. புத்தகத்தை எடுங்கள். அதில் உள்ள எஞ்சின் எண், சேசிஸ் எண் இரண்டும் வண்டியில் குத்தியிருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். எஞ்சின் எண் எஞ்சினின் அடிப்பெட்டியான கிரான்க் கேஸில் இருக்கும், சேசிஸ் எண் ஹேண்டில்பார் கழுத்தில் இருக்கும். துரு மூடியிருந்தால் டீசல் தொட்டுத் துணியால் துடையுங்கள். கிரைண்டரோ உப்புத்தாளோ போடவே கூடாது. எண் தேய்ந்தால் ஆர்.டி.ஓ. ஆபீசில் பதில் சொல்லி மாளாது.

புத்தகம் இறந்துபோனவர் பெயரில் இருந்தால் வாரிசுச் சான்றிதழோடு படிவம் 31. உயிரோடு இருப்பவரிடம் வாங்கினால் படிவம் 29, 30. பதிவுக் காலம் முடிந்திருந்தால் புதுப்பிக்கப் படிவம் 25. ஓசூர்ப் பக்கம் கர்நாடக எண் வண்டிகள் நிறைய வரும். அவற்றுக்கு அந்த ஊர் ஆர்.டி.ஓ.விடம் தடையின்மைச் சான்று வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள். ரொம்பப் பழைய வண்டியாக இருந்து சேலம் பதிவு என்று போட்டிருந்தால் பயப்படவேண்டாம். 1965 வரை தருமபுரியே சேலம் மாவட்டத்துக்குள்தான் இருந்தது.

50 வயது தாண்டிய, மூல வடிவம் மாறாத வண்டிகளுக்கு 2021-இல் வின்டேஜ் பதிவு விதி வந்தது. அதை எடுத்தால் கண்காட்சி, ரேலி போன்றவற்றுக்குத்தான் ஓட்டலாம், தினசரி கடைக்குப் போக முடியாது. ஓட்டுவதற்காகவே செய்கிறீர்கள் என்றால் சாதாரணப் பதிவையே புதுப்பித்து வைத்துக்கொள்வது நல்லது.

இடமும் சாமானும்

மேலே கூரை, கீழே சிமெண்ட் தரை, ஒரு பல்பு. இது போதும். மண் தரையில் செய்யாதீர்கள். கீழே விழுந்த ஸ்பிரிங் மண்ணுக்குள் போனால் போனதுதான்.

பாகங்களைப் போட்டுவைக்க ராயக்கோட்டை தக்காளி மண்டியில் புரளும் பிளாஸ்டிக் கிரேட் மாதிரி வேறொன்று இல்லை. கழுவலாம், காற்றோடும், ஒன்றன்மேல் ஒன்று அடுக்கலாம். எஞ்சினுக்கு ஒன்று, கியர் பாக்ஸுக்கு ஒன்று, வயரிங்குக்கு ஒன்று என்று எழுதி ஒட்டிவிடுங்கள். சின்ன நட்டுகளுக்கு ஜிப் கவர்.

அடுத்தது நம் ஊருக்கே உரிய ஒரு வசதி. கிரானைட் பாலிஷ் பட்டறையில் கேட்டால் ஒன்றரை அடி நீளத் துண்டுக் கல் ஒன்று தருவார்கள். பாலிஷ் போட்ட கிரானைட் கிட்டத்தட்டத் தட்டையானது. அளவுப் பட்டறைகளில் சமதளம் பார்க்க வைத்திருப்பதும் கிரானைட் பலகைதான். அதன்மேல் உப்புத்தாளை ஒட்டி, கொஞ்சம் எண்ணெய் விட்டு, கார்புரேட்டர் எஞ்சினோடு சேரும் முகத்தை எட்டுப் போடுவதுபோல் தேயுங்கள். முகம் முழுக்க ஒரே நிறத்துக்கு வந்தால் நேராகிவிட்டது. பழைய புல்லட் ஐடிலில், அதாவது ஆக்ஸிலரேட்டர் கொடுக்காதபோது, சரியாக ஓடி நிற்காததற்குப் பாதிக் காரணம் இந்த முகம் வளைந்து காற்று உள்ளே போவதுதான்.

ஸ்பேனர் விஷயம் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். 1841-இல் ஜோசப் விட்வொர்த் வகுத்த மரைக் கணக்குதான் பிரிட்டிஷ் வண்டிகளுக்கு அடிப்படை. அதில் மரையின் கோணம் 55 டிகிரி, நம் மெட்ரிக்கில் 60. ஸ்பேனரில் எழுதியிருக்கும் அளவும் வேறு மாதிரி. மெட்ரிக் 13 என்றால் நட்டின் தலை 13 மி.மீ. விட்வொர்த் கால் அங்குலம் என்றால் அது போல்ட்டின் தடிமன், தலை 13.3 மி.மீ. அங்கே 13 நுழையாது. 14 நுழையும், ஆனால் மூலையைத் தின்றுவிடும். பழைய புல்லட்டில் பிரிட்டிஷ் மரையும், பிற்பாடு யாரோ போட்ட மெட்ரிக் போல்ட்டும் கலந்தே இருக்கும். நட்டைக் கையால் மூன்று சுற்றாவது சுற்றிப் பாருங்கள். கையால் போகாத நட்டு அந்த போல்ட்டுக்கு உரியது இல்லை. ஒரு விட்வொர்த் ரிங் ஸ்பேனர் செட் வாங்குவதில் கஞ்சம் பார்க்காதீர்கள். ஸ்க்ரூ ஸ்பேனரை வீட்டுக் குழாய் வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பிரிக்கும் முன் ஓடவைத்துப் பாருங்கள்

இந்த வேலையைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். எஞ்சின் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியாமல் பிரித்தால், எதைச் சரி செய்யவேண்டும் என்றே தெரியாது.

வருஷக்கணக்கில் நின்ற வண்டியில் கிக்கர்மேல் ஏறிக் குதிக்காதீர்கள். பிளக்கைக் கழற்றி, பிளக் துளை வழியாக இரண்டு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு ஒரு நாள் விடுங்கள். மறுநாள் டாப் கியரில் போட்டுப் பின்சக்கரத்தை மெதுவாகக் கையால் அசையுங்கள். அசையவில்லை என்றால் டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றி இன்னும் நாலு நாள். பொறுமை இங்கே மலிவு, கிரான்க் ஷாஃப்ட் விலை அதிகம்.

சுற்ற ஆரம்பித்ததும் கிரான்க் கேஸின் அடியில் உள்ள டிரெயின் போல்ட்டைக் கழற்றுங்கள். புல்லட்டில் ஆயில் தொட்டி கிரான்க் கேஸோடு சேர்ந்தே இருக்கும். வண்டி பல மாதம் நின்றால் அந்த ஆயில் கசிந்து கிரான்க் இருக்கும் அறைக்குள் இறங்கிவிடும். அதோடு ஸ்டார்ட் பண்ணினால் புகைமண்டலம்தான். பழையதை முழுக்க வடித்துவிட்டுப் புது 20டபிள்யூ-50 ஊற்றுங்கள்.

அப்புறம் பெட்ரோல். டேங்கில் கிடக்கும் பழைய பெட்ரோல் வார்னிஷ் மாதிரி ஆகியிருக்கும், வேண்டாம். சோதனைக்கு ஒரு சின்ன பாட்டிலில் ட்யூப் மாட்டித் தொங்கவிட்டுக் கொடுத்தால் போதும். கார்புரேட்டரில் ஐடிலுக்குப் பெட்ரோல் விடும் பைலட் ஜெட்டின் துளை தலைமுடி அளவுதான். கம்பி விட்டுக் குத்தாமல் காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். இப்போது பங்கில் வருவது எத்தனால் கலந்த இ20 பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரைக் கெடுக்கும். பெட்ரோல் ட்யூபைப் புதிதாக மாற்றிவிடுங்கள். வண்டி மாதக்கணக்கில் நிற்கப்போகிறது என்றால் கார்புரேட்டரை வடித்து வையுங்கள்.

பிளக்குக்குப் பொறி கிளப்ப மின்சாரத்தைத் திறந்து மூடும் பாயின்ட்டின் முகத்தை மெல்லிய உப்புத்தாளால் துடைத்து, இடைவெளியை 0.35-லிருந்து 0.40 மி.மீ.க்குள் வையுங்கள். பிளக்கை ஹெட்டின்மேல் சாய்த்துவைத்துக் கிக்கரை உதைத்தால் நீலப் பொறி வரவேண்டும். மஞ்சளாக, சோர்வாக வந்தால் முதல் சந்தேகம் பாயின்ட்டோடு சேர்ந்திருக்கும் கண்டென்சர்மேல். பொறி பார்க்கும்போது பக்கத்தில் பெட்ரோல் பாட்டில் இருக்கக் கூடாது. இதைத் தனியாகச் சொல்லவேண்டியிருக்கிறது, பார்த்திருக்கிறேன்.

பாயின்ட் இக்னிஷன் புல்லட்டை உதைக்க ஒரு முறை உண்டு. சாவியைப் போட்டுக் கிக்கரை மெதுவாக அழுத்துங்கள். மின்சாரம் காட்டும் ஆம்மீட்டர் முள் இடதுபக்கம் சாய்ந்து, பிறகு நடுவுக்குத் திரும்பும். அங்கே நிறுத்தி, சிலிண்டர் அழுத்தத்தை விடுவிக்கும் டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்துக் கிக்கரை இன்னும் ஒரு பொட்டு கீழே தள்ளுங்கள். லீவரை விடுங்கள். கிக்கரை மேலே வரவிட்டு ஒரே உதை, கடைசி வரை. பாதியில் காலை எடுத்தால் திருப்பி அடிக்கும். அடித்தால் கணுக்கால் போகும், அதனால் செருப்போடு வேண்டாம், ஷூ போடுங்கள். எல்லாம் ஒழுங்காகச் செய்தும் திருப்பி அடிக்கிறது என்றால் டைமிங், அதாவது பொறி விழும் நேரம், முந்தி இருக்கிறது என்று அர்த்தம். 350 சி.சி. வண்டிக்குப் பிஸ்டன் உச்சிக்கு 0.8 மி.மீ. முன்பு பாயின்ட் திறக்கவேண்டும். பாயின்ட் நடுவே சிகரெட் பேப்பர் துண்டு வைத்து இழுத்துக்கொண்டே சக்கரத்தை நகர்த்தினால், பேப்பர் நழுவும் நொடிதான் திறக்கும் இடம்.

ஓடினால் இரண்டு விஷயம் கவனியுங்கள். ஹெட்டுக்குப் போகும் ஆயில் பைப்பின் போல்ட்டை லேசாகத் தளர்த்தினால் ஆயில் கசிய வேண்டும். கசியவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள், பம்ப் வேலை செய்யவில்லை. இரண்டாவது சத்தம். மேலே டிக் டிக் என்றால் பெரும்பாலும் டேப்பட், அதாவது வால்வு இடைவெளி. அடியிலிருந்து கனமாக, ரேஸ் கொடுக்கும்போது டொக் டொக் என்றால் பிக் எண்ட், அதாவது கனெக்டிங் ராடு கிரான்க்கோடு சேரும் பேரிங். நீலப் புகை வந்தால் பிஸ்டன் ரிங்கும் போரும் (சிலிண்டரின் உள்துளை) தேய்ந்திருக்கும். இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதுங்கள். பிரிக்கும் பட்டியல் அதுதான்.

பிரிப்பது

பேட்டரி, சீட், டேங்க், சைலன்சர், கார்புரேட்டர், ஹெட், சிலிண்டர் என்று வரிசையாகப் போங்கள். ஒவ்வொன்றையும் கழற்றும் முன் போனில் படம் எடுங்கள். ஒரு படம் தூரத்திலிருந்து, ஒன்று கிட்டத்தில். ஹெட்லைட் குடுவைக்குள் இருக்கும் வயர்களுக்குப் பத்துப் படம் எடுத்தாலும் குற்றமில்லை. ஒவ்வொரு வயரிலும் காகித டேப் சுற்றி எண் போடுங்கள்.

எஞ்சினின் வலதுபக்கத்தில் உள்ள டைமிங் கவரின் ஸ்க்ரூக்கள் ஒரே நீளம் இல்லை. ஓர் அட்டையில் கவரின் உருவத்தை வரைந்து, ஸ்க்ரூ இருந்த இடத்தில் துளை போட்டு அங்கேயே குத்தி வையுங்கள். நீள ஸ்க்ரூவைக் குட்டைத் துளையில் முறுக்கினால் அலுமினியம் உடையும்.

அந்தக் கவருக்குள், கிரான்க் முனைக்கு நேரே, ஒரு சின்ன சீல் இருக்கும். பழைய வண்டிகளில் கார்க்கு, பிற்பாடு ரப்பர். பிக் எண்டுக்கு ஆயில் போவது அந்த வழியாகத்தான். பெயின்ட் பளபளக்க வெளியே வந்து, நூறு கிலோமீட்டரில் பிக் எண்ட் போய்த் திரும்பும் வண்டிகளில் பெரும்பாலும் இந்தச் சீல் விட்டுப்போயிருக்கும், இல்லை நசுங்கியிருக்கும். புதுசு சில ரூபாய்தான். ஒவ்வொரு முறை கவரைத் திறக்கும்போதும் மாற்றுங்கள்.

எஞ்சினிலிருந்து கிளட்ச்சுக்குப் போகும் பிரைமரி செயினை மூடும் இடதுபக்க கவரை நடுவில் உள்ள ஒரே பெரிய நட்டுதான் பிடித்திருக்கிறது. ஒழுகுகிறதே என்று அதை மேலும் மேலும் முறுக்காதீர்கள். கவர் வளைந்து இன்னும் ஒழுகும். ரப்பர் சீலைச் சரியாக உட்காரவைப்பதுதான் வைத்தியம்.

கழுவ டீசல் போதும். கடைசியில் சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவினால் உடனே துடைத்துக் காற்றடியுங்கள். நம் போர்வெல் தண்ணீரின் உப்பு அலுமினியத்தில் வெள்ளையாகப் பூத்துவிடும், ஆயில் துளைகளுக்குள்ளும் படியும். பேட்டரிக்கு அந்தத் தண்ணீரைக் காட்டவே கூடாது. பிரேக் டிரம்மையும் கிளட்ச்சையும் காற்றடித்துச் சுத்தம் செய்யாதீர்கள். பழைய லைனர்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத் துணியால் துடைத்து, துணியைக் கவரில் கட்டித் தூக்கிப்போடுங்கள்.

வீட்டில் எது, பட்டறையில் எது

டேப்பட், பாயின்ட், கார்புரேட்டர், கிளட்ச் பிளேட், பிரேக், வயரிங், வால்வு லாப்பிங் (வால்வை அது உட்காரும் இடத்தோடு தேய்த்துப் பொருத்துவது), இவை வீட்டு வேலை. சிலிண்டர் போரிங், கிரான்க் ஷாஃப்ட், வளைந்த சேசிஸ், இவை மூன்றையும் வீட்டில் தொடாதீர்கள். கிரான்க்கைப் பிரித்துச் சேர்க்க பிரஸ் வேண்டும், சேர்த்தபின் நேர் பார்க்க டயல் கேஜ் வேண்டும். ஓசூரில் தொழிற்பேட்டையை ஒட்டி நல்ல டர்னர்கள் இருக்கிறார்கள். ஆனால் நீங்கள் போகும் கடையில் புல்லட் கிரான்க் முன்பு செய்திருக்கிறார்களா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

350-இன் போர் 70 மி.மீ., ஸ்ட்ரோக் 90 மி.மீ. தேய்ந்தால் ஓவர்சைஸ் பிஸ்டன் போடவேண்டும். கடையில் இருபது, நாற்பது, அறுபது என்பார்கள். அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு அது. பிஸ்டனை முதலில் வாங்கி, அதைக் கையில் கொடுத்து, அதற்கேற்ப போர் செய்யச் சொல்லுங்கள். போரைச் செய்துவிட்டுப் பிஸ்டன் தேடுவது தலைகீழ் வேலை. அறுபதும் முடிந்த சிலிண்டர் என்றால் உள்ளே புது லைனர் குழாய் இறக்கவேண்டியதுதான்.

வால்வு லாப்பிங் செய்தபின் ஹெட்டைத் திருப்பிவைத்து, போர்ட் வழியாகப் பெட்ரோல் ஊற்றி ஐந்து நிமிடம் பாருங்கள். வால்வு ஓரத்தில் ஈரம் தெரிந்தால் இன்னும் தேய்க்கவேண்டும். டேப்பட்டைக் குளிர்ந்த எஞ்சினில், கம்ப்ரஷன் உச்சியில் வைத்துப் பாருங்கள். மேலும் கீழும் ஆட்டம் இருக்கக் கூடாது, ஆனால் வால்வை இயக்கும் புஷ் ராடு விரலால் சுழலவேண்டும். பிரைமரி செயினின் தளர்வு கால் அங்குலம்.

பிரிட்டிஷ் லூகாஸ் கம்பெனியின் வயரிங் உள்ள வண்டி என்றால் பேட்டரி மாட்டும் முன் நின்று யோசியுங்கள். அவற்றில் பாசிட்டிவ்தான் சேசிஸோடு சேரும். பழக்கதோஷத்தில் மாற்றி மாட்டினால் புதுசாக வாங்கியது எல்லாம் போகும்.

பெயின்ட் கடைசியில்

நான் செய்த பெரிய தப்பு இங்கேதான். எஞ்சின் இன்னும் கிரேட்டில் கிடக்க, ஆசைக்கு டேங்குக்கு முதலில் கறுப்பு அடித்தேன். தங்கக் கோடும் போட்டாயிற்று. ஏழு மாதம் கழித்துப் பெட்ரோல் ஊற்றினால், அடியில் ஊசித்துளை. ஒரே ராத்திரியில் பெயின்ட் தோல் உரிந்து தொங்கியது. வீட்டில் யாரும் எதுவும் சொல்லவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

அதனால் டேங்கை முதலில் சோதியுங்கள். ஒரு கைப்பிடி சின்ன நட்டுகளைப் போட்டுக் குலுக்கித் துருவை உதிர்த்து, சிட்ரிக் ஆசிட் கரைசலை ஒரு நாள் ஊறவைத்துக் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைத்து, பெட்ரோல் ஊற்றி இரண்டு நாள் காகிதத்தின்மேல் வையுங்கள். வெல்டிங் தேவைப்பட்டால் அந்த வேலை தெரிந்தவரிடம் மட்டும். காலியாகத் தெரியும் டேங்கிலும் ஆவி இருக்கும், வெடிக்கும்.

சேசிஸுக்குப் பவுடர் கோட்டிங் நீடிக்கும். ஆனால் எண் குத்தியிருக்கும் இடத்தில் கோட்டிங் படாதபடி அதை மறைத்துவிட்டு அடிக்கச் சொல்லுங்கள், மரைகளையும் அப்படியே. டேங்கின் தங்கக் கோட்டுக்கு ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள். தொழிற்சாலையிலேயே கையால்தான் இழுத்தார்கள். பழைய போர்டு எழுதும் ஓவியர் யாராவது உங்கள் ஊரில் இன்னும் இருந்தால் அவரிடம் போங்கள். கை நடுங்கிய இடம் ஒன்றிரண்டு இருந்தாலும் அழகுதான். எல்லாவற்றையும் புதுசாக்க வேண்டியதும் இல்லை. சித்தப்பா வண்டியின் ஹேண்டில்பாரில் தேய்ந்துபோன குரோமை நான் அப்படியே விட்டுவிட்டேன்.

வெளியே எடுப்பது

ஓட்டிப் பழகாதவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கியர் வலது காலில், பிரேக் இடது காலில். முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. ஆபத்தில் கால் பழைய பழக்கத்துக்குத்தான் போகும், பிரேக் என்று நினைத்துக் கியரை மிதிப்பீர்கள். காலி மைதானத்தில் ஒரு மணி நேரம் பழகுங்கள். குதிகால் பக்கத்தில் இருக்கும் சின்ன லீவர் நியூட்ரல் தேட. இரண்டு, மூன்று, நாலு எதிலிருந்தும் அதை மிதித்தால் நியூட்ரல் விழும்.

முதல் சவாரிக்கு நான் கே.ஆர்.பி. அணைக்குப் போனேன். கிருஷ்ணகிரியிலிருந்து கிட்டத்தில், வழியில் நிழலும் டீக்கடையும் உண்டு, நின்றுபோனால் தள்ளிக்கொண்டு வரலாம். தேசிய நெடுஞ்சாலைப் பக்கமோ தொப்பூர்க் கணவாய்ப் பக்கமோ முதல் மாதம் போகவே வேண்டாம். புது பிஸ்டன் போட்டிருந்தால் முதல் 500 கிலோமீட்டர் வரை 50-ஐத் தாண்டாதீர்கள், ஒரே வேகத்திலும் ஓட்டாதீர்கள். பையில் ஒரு பிளக், ஒரு கண்டென்சர், கிளட்ச் கேபிள், ஃபியூஸ், அந்த விட்வொர்த் ஸ்பேனர்கள்.

திரும்பி வந்ததும் எஞ்சின் ஆறியபிறகு ஹெட் நட்டுகளைக் குறுக்கும் மறுக்குமாக ஒரு சுற்று சரிபாருங்கள், டேப்பட்டையும் பாருங்கள். ராத்திரி அடியில் ஓர் அட்டையை விரித்து, சக்கரம் நிற்கும் இடத்தைச் சாக்பீஸால் குறித்து வையுங்கள். காலையில் அட்டையில் சொட்டு எங்கே விழுந்திருக்கிறது என்று பார்த்தால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை எந்த நட்டைத் தொடவேண்டும் என்று தெரிந்துவிடும். 500 கிலோமீட்டர் ஆனதும் அந்த ஆயிலை வடித்துப் புதுசு ஊற்றுங்கள்.